அலுவலக வலையமைப்பில் கோப்பு வழங்கி, டொமைன் கட்டுப்பாட்டக மென்பொருள் தேர்வு: தமிழ்க் கோப்புப்பெயர்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அலுவலக ஆவணங்களை ஓரிடத்தில் வைத்துப் பலரும் பயன்படுத்துவதற்குக் கோப்பு வழங்கி மென்பொருள் தேவைப்படுகிறது. பயனர் இன்னார் என்பதை உறுதிசெய்வதற்கு டொமைன் கட்டுப்பாட்டக மென்பொருள் தேவைப்படுகிறது. இவ்விரண்டையும் ஒரே பொருளாகக் கருதி விலையை மட்டும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது பல சிக்கல்களுக்கு வழிவகுக்கிறது. அடையாளத்தை உறுதிசெய்யும் பணிக்கான தேர்வை அலுவலகத்தின் கணினிகளும் பராமரிப்பாளரும் தீர்மானிக்க வேண்டும். கோப்பைக் காக்கும் பணிக்கான தேர்வை ஆவணங்களின் இயல்பு தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. தமிழில் பெயரிடப்பட்ட கோப்புகள் மிகுந்த அலுவலகத்தில், ஆங்கிலப் பெயர்களை மட்டும் கையாளும் அலுவலகம் எதிர்கொள்ளாத ஒரு வரம்பு குறுக்கிடுகிறது. அவ்வரம்பு எவ்வாறு தோன்றுகிறது, தேர்வை எவ்வாறு மாற்றுகிறது என்பன எடுத்துக்காட்டுகளுடன் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கோப்பு வழங்கி, டொமைன் கட்டுப்பாட்டகம், சாம்பா, ஆக்டிவ் டைரக்டரி, ஒருங்குறி, தமிழ்க் கோப்புப்பெயர்.

முன்னுரை

நான்கைந்து கணினிகள் உள்ள அலுவலகத்தில் ஓர் ஆவணம் எங்கே இருக்கிறது என்பதை அனைவரும் அறிவர். கணினிகள் இருபது, முப்பது எனப் பெருகும்போது அந்த அறிவு சிதறுகிறது. ஒரே ஆவணத்தின் மூன்று வடிவங்கள் மூன்று கணினிகளில் தங்குகின்றன. பணி ஓய்வு பெற்றவரின் கடவுச்சொல் அவருடனேயே சென்றுவிடுகிறது. இந்நிலையில்தான் சர்வர் எனப் பேச்சுவழக்கில் குறிக்கப்படும் வழங்கிக் கணினியை நிறுவும் எண்ணம் எழுகிறது.

அவ்வாறு நிறுவ முற்படுவோர் முதலில் கேட்கும் வினா, ‘விண்டோஸ் சர்வரா, லினக்ஸா?’ என்பதாகும். இவ்வினா தவறானதன்று, ஆனால் முதலில் கேட்கப்பட வேண்டியதும் அன்று. எந்தப் பணிக்கு, எந்தக் கணினிகளுக்கு, எத்தகைய ஆவணங்களுக்கு, யார் பொறுப்பில் என்னும் நான்கு வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே மென்பொருளின் பெயர் பொருள்படும். இந்நான்கையும் வரிசையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இரு பணிகளும் இரு வினாக்களும்

ஒரு நூலகத்தில் உறுப்பினர் அட்டையைச் சரிபார்ப்பவர் ஒருவர். நூலடுக்குகளைப் பேணுபவர் மற்றொருவர். முன்னவர் ‘இவர் யார்?’ என்னும் வினாவுக்கும் பின்னவர் ‘இந்நூல் எங்கே, இதனை இவருக்குத் தரலாமா?’ என்னும் வினாவுக்கும் விடை தருகின்றனர். அலுவலக வலையமைப்பில் முதற்பணியைச் செய்வது டொமைன் கட்டுப்பாட்டகம். இரண்டாம் பணியைச் செய்வது கோப்பு வழங்கி.

டொமைன் என்பது ஒரே பயனர் பட்டியலை ஏற்றுக்கொண்ட கணினிகளின் தொகுதியாகும். பயனரின் பெயர், கடவுச்சொல், அவர் சார்ந்த குழுக்கள் ஆகியவை கட்டுப்பாட்டகத்தில் ஒருமுறை பதியப்பட்டால் போதும். டொமைனில் சேர்ந்த எந்தக் கணினியிலும் அவர் உள்நுழையலாம். ஒருவர் பணியிலிருந்து விலகினால் ஓரிடத்தில் அவருடைய கணக்கை முடக்கினால் போதுமானது.

கோப்பு வழங்கி, பகிர்வுக் கோப்புறைகளை வலையமைப்பில் அளிக்கிறது. விண்டோஸ் கணினிகளுக்கும் வழங்கிக்கும் இடையிலான உரையாடல் எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையின்படி நிகழ்கிறது. கோப்பைக் கேட்பவர் யார் என்பதை வழங்கி தானே முடிவு செய்வதில்லை. கட்டுப்பாட்டகம் தந்த சான்றை ஏற்றுக்கொண்டு, அக்கோப்புக்குரிய அணுகல் உரிமையை மட்டும் சரிபார்க்கிறது.

பணிகள் இரண்டாதலின் மென்பொருளும் இரண்டாக இருக்கலாம். கட்டுப்பாட்டகம் விண்டோஸாகவும் கோப்பு வழங்கி லினக்ஸாகவும் அமையலாம். அதன் மறுதலையும் இயலும். இரண்டும் ஒரே மென்பொருளாக இருப்பினும் அவற்றைத் தனித்தனி இயங்குதளங்களில் நிறுவுமாறு சாம்பா திட்டத்தினர் அறிவுறுத்துகின்றனர்.

2. தேர்வுக்கு வாய்ப்பு உருவான வரலாறு

எஸ்.எம்.பி. நெறிமுறையின் தொடக்க வடிவம் 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவானது. பின்னர் மைக்ரோசாஃப்ட் அதனை விரிவுபடுத்தித் தன் இயங்குதளங்களில் பயன்படுத்தியது. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாளராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், வலையமைப்பில் செல்லும் தரவுகளைக் கவனித்து அந்நெறிமுறையைப் புரிந்துகொண்டு, யூனிக்ஸ் கணினியையும் கோப்பு வழங்கியாக இயங்கச் செய்யும் நிரலை எழுதினார். 1992இல் வெளிவந்த அந்நிரலே பின்னர் சாம்பா எனப் பெயர் பெற்றது. எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துகளும் இவ்வரிசையில் அமைந்த சொல்லை அகராதிக் கோப்பில் தேடியபோது கிடைத்த பெயர் அது.

2000ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 உடன் ஆக்டிவ் டைரக்டரி அறிமுகமானது. பெயர்களைக் கணினி முகவரிகளாக மாற்றும் டி.என்.எஸ்., பயனர் விவரங்களைத் தேடித்தரும் எல்டாப், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான கெர்பெராஸ் சான்றளிப்பு முறை ஆகிய மூன்றும் இதில் ஒன்றிணைக்கப்பட்டன. இம்மூன்றும் பொதுத் தரங்களே. ஆயினும் அவற்றை இணைத்த முறை வெளியாருக்குத் தெளிவாக விளங்காமையால், ஆக்டிவ் டைரக்டரிக்கு மாற்றான கட்டுப்பாட்டகத்தைச் சாம்பாவால் உடனே அளிக்க இயலவில்லை. 2003இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் உறுப்பினராகச் சேரவும், பழைய விண்டோஸ் என்.டி. வகை டொமைனை நடத்தவும் மட்டுமே வல்லதாயிருந்தது.

இந்நிலையை மாற்றியதில் ஐரோப்பிய ஆணையத்தின் போட்டிச் சட்ட வழக்குக்குப் பெரும்பங்கு உண்டு. 2004 மார்ச் மாதத்தில் ஆணையம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திற்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, வழங்கி நெறிமுறைகளின் விவரங்களைப் போட்டியாளர்களுக்கு அளிக்குமாறு ஆணையிட்டது. 2007 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில் 10,000 யூரோ என்னும் ஒருமுறைக் கட்டணத்தில் அவ்வாவணங்கள் கட்டற்ற மென்பொருள் உருவாக்குநர்களுக்குக் கிடைத்தன. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2012 டிசம்பரில், ஆக்டிவ் டைரக்டரி கட்டுப்பாட்டகமாக இயங்கவல்ல சாம்பா 4.0 வெளிவந்தது. இன்று ஓர் அலுவலகம் இவ்விரண்டுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிகிறதெனில், அத்தேர்வுரிமை நீதிமன்றத்தின் வழியாகவும் வந்தது என்பது நினைவுகொள்ளத்தக்கது.

3. அடையாளப் பணிக்கான மென்பொருள்

3.1 டொமைன் இன்றியே இயங்கும் முறை

ஒரு விண்டோஸ் கணினியிலுள்ள கோப்புறையைப் பிறருக்குப் பகிர்வது மிக எளிய முறை. ஆனால் சாதாரண விண்டோஸ் 10, 11 பதிப்புகளின் உரிம விதி ஒரே நேரத்தில் 20 இணைப்புகளை மட்டுமே இசைகிறது. ஒவ்வொரு கணினியிலும் பயனர் பட்டியலைத் தனித்தனியே பேணவும் வேண்டும். ஏறத்தாழப் பத்துக் கணினிகள்வரை இம்முறை பொருந்தும்.

3.2 விண்டோஸ் சர்வர்

ஆக்டிவ் டைரக்டரியின் எல்லா வசதிகளும் இதில் முழுமையாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுகிறது; சான்றாக, 2012 ஆர்2 பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்று முடிவுற்றது. உரிமம் இரு படிகளைக் கொண்டது. முதலாவது, வழங்கிக் கணினிக்கான உரிமம். இது செயலியின் கருக்களைக் கணக்கிட்டுப் பெறப்படுவது, குறைந்தது 16 கருக்களுக்குப் பெறவேண்டும். இரண்டாவது, வழங்கியை அணுகும் ஒவ்வொரு பயனருக்கோ ஒவ்வொரு கணினிக்கோ பெறவேண்டிய அணுகல் உரிமம். விலைப்பட்டியலைப் பார்ப்போர் பலர் முதலாவதை மட்டும் கணக்கிட்டு இரண்டாவதைக் கவனிக்கத் தவறுகின்றனர்.

3.3 சாம்பா

உரிமக் கட்டணம் இல்லை. விண்டோஸ் கணினிகள் இதனை ஆக்டிவ் டைரக்டரி கட்டுப்பாட்டகமாகவே காண்கின்றன. விண்டோஸுக்குரிய மேலாண்மைக் கருவிகளைக் கொண்டே இதனையும் நிர்வகிக்கலாம். எனினும் மூன்று செய்திகளை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

முதலாவது, இரு கட்டுப்பாட்டகங்கள் நிறுவப்படும்போது பயனர் விவரங்கள் தாமாகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றன. ஆனால் குழுக்கொள்கைக் கோப்புகள் அடங்கிய சிஸ்வால் கோப்புறை அவ்வாறு செல்வதில்லை. அதனைப் பிரதியெடுக்கும் ஏற்பாட்டைப் பராமரிப்பாளரே செய்யவேண்டும். இரண்டாவது, எல்லா லினக்ஸ் வெளியீடுகளும் சாம்பாவின் கட்டுப்பாட்டகப் பகுதியை அளிப்பதில்லை. டெபியன், உபுண்டு ஆகியவை அளிக்கின்றன. ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் கோப்பு வழங்கிப் பகுதியை அளித்தாலும் கட்டுப்பாட்டகப் பகுதியை அளிப்பதில்லை. மூன்றாவது, ஏறத்தாழ ஆறு திங்களுக்கொருமுறை புதிய பதிப்பு வெளிவருவதால் மேம்படுத்தும் பணி இடையறாதது. நிறுவியபின் பத்தாண்டுகள் தொடாமல் விடத்தக்கதன்று.

3.4 பிற தேர்வுகள்

லினக்ஸ் கணினிகள் மட்டுமே உள்ள அலுவலகத்திற்கு ஃப்ரீஐபிஏ பொருந்தும். விண்டோஸ் கணினிகளை நேரடி உறுப்பினராக்குவது அதன் நோக்கமன்று. மேகக் கணிமையில் இயங்கும் மைக்ரோசாஃப்ட் என்ட்ரா அடையாளச் சேவை மட்டுமே. கோப்பு வைப்பதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். கடையில் வாங்கிப் பொருத்தும் நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்பகக் கருவிகள் பலவற்றுள்ளும் இயங்குவது சாம்பாவே. ஆதலால் அடுத்த பகுதியில் லினக்ஸ் கோப்பு முறைமை குறித்துக் கூறப்படுவன அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

3.5 பொதுவான நிபந்தனைகள்

எதைத் தேர்ந்தாலும் சில நிபந்தனைகள் மாறுவதில்லை. டொமைனில் சேரும் கணினிகள் கட்டுப்பாட்டகத்தையே டி.என்.எஸ். வழங்கியாகக் கொள்ளவேண்டும்; இணையச் சேவையாளரின் முகவரியைக் கொண்டால் டொமைன் கண்ணுக்குப் புலப்படாது. கெர்பெராஸ் சான்றுக்குக் கணினிகளின் கடிகாரங்கள் இயல்பமைப்பில் 5 நிமிடத்திற்கு மேல் வேறுபடலாகாது. விண்டோஸ் ஹோம் பதிப்பு எந்த டொமைனிலும் சேராது. பழைய எஸ்.எம்.பி. முதற்பதிப்பை முடக்கிவைக்க வேண்டும்.

இறுதியாகக் கூறியதற்குக் காரணம் உண்டு. 2017 மே மாதத்தில் பரவிய வான்னாக்ரை தீநிரல், மைக்ரோசாஃப்டின் எஸ்.எம்.பி. முதற்பதிப்பில் இருந்த குறையைப் பயன்படுத்தியது. அதே மாதத்தில் சாம்பாவிலும் ஒரு பெருங்குறை கண்டறியப்பட்டுத் திருத்தம் வெளியிடப்பட்டது, 3.5 பதிப்புக்குப் பிந்தைய அனைத்திலும் அக்குறை இருந்தது. இவ்விரு நிகழ்வுகளையும் ஒருங்கே நோக்கின், பாதுகாப்பு என்பது மென்பொருளின் பெயரைவிடத் திருத்தங்களை உரிய காலத்தில் இடுவோரைச் சார்ந்தது என்பது புலனாகும்.

4. கோப்புப் பணியும் தமிழ்ப் பெயர்களும்

4.1 பெயரின் நீளம்

விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறைமையில் ஒரு கோப்புப்பெயர் 255 அலகுகள்வரை இருக்கலாம். லினக்ஸில் பரவலாக வழங்கும் எக்ஸ்ட்4, எக்ஸ்.எஃப்.எஸ்., பி.டி.ஆர்.எஃப்.எஸ். ஆகியவற்றிலும் வரம்பு 255தான். எண் ஒன்றாயினும் அளவுகோல் வேறு. என்.டி.எஃப்.எஸ். 16 பிட்டு அலகுகளை எண்ணுகிறது. ஒருங்குறியில் தமிழுக்குரிய ஒவ்வோர் எண்ணும் அங்கு ஓர் அலகு. லினக்ஸ் கோப்பு முறைமைகளோ பைட்டுகளை எண்ணுகின்றன, யு.டி.எஃப்.-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ் எண்ணும் 3 பைட்டுகளாகிறது. ரோமன் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட்டே ஆதலால் ஆங்கிலப் பெயர்களுக்கு இவ்வேறுபாடு தோன்றுவதேயில்லை.

‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று. ஒருங்குறியில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி எண்களாதலால் அது 5 எண்களாகிறது; லினக்ஸ் கோப்பு முறைமையில் 15 பைட்டுகளாகிறது. ஆகவே 255 பைட்டுகளில் அடங்குவன 85 எண்களே.

அலுவலகத்தில் இயல்பாக இடப்படக்கூடிய ஒரு பெயரைக் கொண்டு இதனை அளந்து பார்க்கலாம்: ‘முனைவர் பட்ட ஆய்வேட்டு மதிப்பீட்டுக் குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள்’. இதில் 38 எழுத்துகளும் 7 இடைவெளிகளும் உள்ளன. எழுத்துகள் 66 ஒருங்குறி எண்களாகி 198 பைட்டுகளைக் கொள்கின்றன. இடைவெளிகளைச் சேர்த்தால் 205. அதன்பின் ஓர் இடைவெளியும் பத்து இலக்க, குறி கொண்ட நாளும் இட்டால் 216. ‘இறுதி வடிவம்’ என்று சேர்த்தால் 251. வேர்டு கோப்பைக் குறிக்கும் பின்னொட்டு புள்ளியுடன் 5 பைட்டுகள். மொத்தம் 256. வரம்பை ஒரே ஒரு பைட்டு மீறிவிட்டது. இதே பெயர் விண்டோஸ் வழங்கியில் 102 அலகுகளே; அங்குப் பாதி வரம்பைக்கூட எட்டவில்லை.

இவ்வெடுத்துக்காட்டில் ஓர் எழுத்துக்குச் சராசரியாக 1.74 எண்கள் அமைகின்றன. அக்கணக்கின்படி லினக்ஸ் வழங்கியில் ஒரு தமிழ்ப்பெயர் ஏறத்தாழ 49 எழுத்துகள்வரை நீளலாம். கோப்புப்பெயர்களையும் மறையாக்கம் செய்யும் ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையில் வரம்பு 143 பைட்டாகக் குறைகிறது. மேற்கண்ட பெயரின் முதற்பகுதிகூட அதில் அடங்காது.

விண்டோஸ் பக்கமும் ஒரு வரம்பு உண்டு. கோப்புறைப் பெயர்கள் அனைத்தையும் சேர்த்த முழுப்பாதை, மரபாக 260 அலகுகளுக்குள் அடங்கவேண்டும். விண்டோஸ் 10இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இதனைத் தளர்த்தும் அமைப்பு இருப்பினும் எல்லாச் செயலிகளும் அதனை மதிப்பதில்லை. தமிழ்க் கோப்புறைகள் நான்கைந்து அடுக்குகளாக அமைந்தால் இவ்வரம்பு விரைவில் எட்டப்படும்.

இதனால் விளையும் இழப்பு ஓசையின்றி நேர்வது. பழைய விண்டோஸ் வழங்கியிலிருந்து புதிய லினக்ஸ் வழங்கிக்குப் பல்லாயிரம் கோப்புகள் பிரதியெடுக்கப்படும்போது நீண்ட பெயருடையவை மட்டும் மறுக்கப்படுகின்றன. பிரதியெடுக்கும் கருவி அவற்றைத் தன் அறிக்கையில் பதிகிறது; ஆயினும் அவ்வறிக்கையை யாரும் படிப்பதற்குள் பழைய வட்டு அழிக்கப்பட்டுவிட்டால் அவ்வாவணங்கள் மீளா. விரிவாகப் பெயரிடப்பட்டவை பெரும்பாலும் கூட்டக் குறிப்பு, ஆணை, ஒப்பந்தம் போன்ற முதன்மை ஆவணங்களே என்பதால் இழப்பின் எடை கூடுகிறது.

4.2 ஒரே தோற்றம், வேறு பெயர்

‘கோப்பு’ என்னும் சொல்லின் முதலெழுத்தை ஒருங்குறியில் இரு வகையாக எழுதலாம். ககரத்தின்பின் ஓகாரக்குறியை ஒரே எண்ணாக இடலாம். அல்லது ஏகாரக்குறி, கால் என இரு எண்களாக இடலாம். ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் நிகரானவை என்கிறது. ஆனால் என்.டி.எஃப்.எஸ்., எக்ஸ்ட்4 ஆகிய இரண்டும் இயல்பமைப்பில் எண்களை அப்படியே ஒப்பிடுவன. எனவே கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்கள் ஒரே கோப்புறையில் இரு கோப்புகளாக இருக்கலாம். தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. ஒளகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் இடும் பழக்கமும் இத்தகையதே. ஆனால் அவை நிகரானவை என ஒருங்குறித் தரம்கூட ஏற்பதில்லை. இச்சிக்கல் எந்த வழங்கி மென்பொருளாலும் தீர்வதன்று. அலுவலகம் முழுவதும் ஒரே வகை விசைப்பலகை மென்பொருளைப் பயன்படுத்துவதே தீர்வு.

4.3 பழைய குறியேற்றங்கள்

1999ஆம் ஆண்டுத் தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் 8 பிட்டுக் குறியேற்றங்கள் தமிழ்நாட்டு அரசின் தரமாயின. இவற்றோடு டிஸ்கி, பாமினி முதலியனவும் வழக்கில் இருந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பெயரிடப்பட்ட கோப்புகள், உரிய எழுத்துரு இல்லாத இடத்தில் ரோமன் எழுத்துகளும் குறிகளும் கலந்த பொருளற்ற தொடர்களாகக் காட்சியளிக்கும். வழங்கியை மாற்றுவதால் இவை தமிழாக மாறிவிடா. மாற்றத்திற்கு முன்னரே இவற்றை ஒருங்குறிக்கு மாற்றிப் பெயரிட்டுவிட வேண்டும். குறியேற்றத்தை அறிந்த ஊழியர்கள் பணியில் இருக்கும் காலத்தில் இது எளிது.

4.4 அணுகல் உரிமைகள்

விண்டோஸின் நுட்பமான அணுகல் உரிமைகளைச் சாம்பா, லினக்ஸ் கோப்பின் விரிபண்புகள் என்னும் பகுதியில் சேமிக்க வல்லது. காப்புநகல் எடுக்கும் கருவி அப்பகுதியையும் சேர்த்து எடுக்கவில்லையெனில், மீட்கப்பட்ட கோப்புகள் உள்ளடக்கத்துடன் வரும். யார் படிக்கலாம் என்னும் விதி வராது. ஊதியப் பட்டியலும் பொது அறிவிப்பும் ஒரே நிலையில் திறந்து கிடப்பதற்கு இது வழிசெய்யும்.

5. ஒரு மாதிரி அலுவலகம்

இதுவரை கூறியவற்றைப் பொருத்திப் பார்க்கக் கற்பனையாக ஓர் ஆய்வு நிறுவனத்தைக் கொள்வோம். கணினிகள் 40: விண்டோஸ் ப்ரோ 28, விண்டோஸ் ஹோம் 7, உபுண்டு 5. பயனர்கள் 65 பேர்; முறைவைத்துப் பணிபுரிவோர்.

முதல் வழி, இரு பணிக்கும் விண்டோஸ் சர்வர். 25 பயனர், 50 கருவி என்னும் வரம்புடைய எசென்ஷியல்ஸ் பதிப்பு பொருந்தாது. ஸ்டாண்டர்டு பதிப்பு வேண்டும். அதன் உரிமம் ஒரே கணினியில் இரு மெய்நிகர் கணினிகளை இயக்க இடமளிப்பதால், கட்டுப்பாட்டகத்தையும் கோப்பு வழங்கியையும் பிரித்து நிறுவலாம். அணுகல் உரிமத்தைப் பயனர் கணக்கில் பெற்றால் 65, கணினிக் கணக்கில் பெற்றால் 40, பின்னதே சிக்கனம்.

இரண்டாம் வழி, விண்டோஸ் கட்டுப்பாட்டகமும் சாம்பா கோப்பு வழங்கியும். இது செலவைக் குறைக்கும் எனப் பலரும் கருதுவர். ஆனால் கட்டுப்பாட்டகத்தை அணுகுவதற்கே 40 அணுகல் உரிமங்கள் தேவை. இரண்டாம் மெய்நிகர் கணினிக்கான உரிமமும் முன்னரே பெறப்பட்டுவிட்டது. எனவே சேமிப்பகம் ஏற்கனவே லினக்ஸிலோ நாஸ் கருவியிலோ இருந்தாலன்றி இவ்வழியால் உரிமச் செலவு குறைவதில்லை.

மூன்றாம் வழி, சாம்பா கட்டுப்பாட்டகங்கள் இரண்டும் சாம்பா கோப்பு வழங்கி ஒன்றும். உரிமச் செலவு இல்லை. பராமரிப்பாளரின் உழைப்பு மிகுதி. 85 எண் வரம்பு உண்டு. நான்காம் வழி, சாம்பா கட்டுப்பாட்டகமும் விண்டோஸ் கோப்பு வழங்கியும். பெயர் வரம்புச் சிக்கல் நீங்கும்; ஆனால் அணுகல் உரிமங்கள் வேண்டும் என்பதால் செலவு முதல் வழிக்கு அண்மையில் நிற்கும்.

எவ்வழியாயினும் ஹோம் பதிப்புக் கணினிகள் ஏழையும் ப்ரோவுக்கு உயர்த்தினாலன்றி டொமைனில் சேர்க்க இயலாது. கடவுச்சொல் தந்து பகிர்வுக் கோப்புறையை மட்டும் பயன்படுத்தலாம்.

இவ்வொப்பீட்டிலிருந்து, பொருளுடைய போட்டி முதல் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் இடையே என்பது தெளிவாகிறது. லினக்ஸ் அறிந்த ஊழியர் நிலையான பணியில் இருந்து, கோப்புப்பெயர்க் கணக்கெடுப்பில் நீண்ட பெயர்கள் சிலவே எனத் தெரியவந்தால் மூன்றாம் வழி தக்கது. அத்தகையவர் இல்லையெனில், அல்லது நீண்ட பெயர்களை மாற்ற இயலாத நிலை இருப்பின், முதல் வழியின் கட்டணம் வீண்செலவு ஆகாது. ஒப்பந்த ஊழியர் ஒருவரின் ஆர்வத்தை மட்டும் நம்பி மூன்றாம் வழியை ஏற்பது பொருந்தாது. அவர் விலகும் நாளில் கட்டுப்பாட்டகம் பழுதுற்றால் 65 பேரின் உள்நுழைவும் நின்றுவிடும்.

6. மாற்றத்திற்கு முன் செய்யத்தக்கவை

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் பின்வரும் வரிசை முன்வைக்கப்படுகிறது.

முதலில், இருக்கும் கோப்புகள் அனைத்தின் பெயர்களையும் பட்டியலிட்டு, யு.டி.எஃப்.-8 குறியேற்றத்தில் 240 பைட்டுகளைக் கடப்பனவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். ஒரு சிறு நிரல் இதனைச் செய்துவிடும். பழைய குறியேற்றப் பெயர்களும், தோற்றத்தில் ஒன்றான இரட்டைப் பெயர்களும் இக்கணக்கெடுப்பிலேயே வெளிப்படும்.

இரண்டாவது, பெயரிடும் விதியை எழுத்தில் வகுக்க வேண்டும். நாளைப் பெயரின் முதலில் இடுதல், பொருளை 30 எழுத்துகளுக்குள் கூறுதல், துறைப் பெயரைக் கோப்புறைக்கு விடுதல் ஆகிய மூன்றும் போதுமானவை. தமிழ்ப் பெயரைக் கைவிட்டு ரோமன் எழுத்துக்கு மாறுவது தேவையற்றது. அது ஆவணத்தைத் தேடுவோரையே தண்டிப்பதாகும். பயனரின் உள்நுழைவுப் பெயரை மட்டும் ரோமன் எழுத்தில் 20 எழுத்துகளுக்குள் அமைத்துக்கொள்வது நல்லது. காட்சிப்பெயர் தமிழிலேயே இருக்கலாம்.

மூன்றாவது, டொமைனின் பெயரை முடிவு செய்யவேண்டும். பின்னர் அதனை மாற்றுவது கடினம் என்பதால், நிறுவனத்திற்கு உரிமையான இணையப் பெயரின் உட்பெயராக அமைப்பதே ஏற்றது.

நான்காவது, புதிய வழங்கியில் ஒரு துறையின் கோப்புகளை மட்டும் பிரதியெடுத்து, எண்ணிக்கையை இருபுறமும் ஒப்பிட வேண்டும். காப்புநகலிலிருந்து ஒரு கோப்புறையை மீட்டு, உள்ளடக்கத்துடன் அணுகல் உரிமையும் வந்துள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும். இவ்விரு சோதனைகளும் நிறைவுறும்வரை பழைய வட்டை அழிக்கலாகாது.

முடிவுரை

கோப்பு வழங்கியும் டொமைன் கட்டுப்பாட்டகமும் இருவேறு பணிகள். அடையாளப் பணிக்கான தேர்வில் கணினிகளின் இயங்குதளப் பதிப்பும் பராமரிப்பாளரின் தேர்ச்சியும் முதன்மை பெறுகின்றன. அவ்வகையில் விண்டோஸ் சர்வர், சாம்பா ஆகிய இரண்டும் தகுதியுடையவையே. கோப்புப் பணிக்கான தேர்வில் ஆவணங்களின் பெயர், அளவு, உரிமை ஆகியன முதன்மை பெறுகின்றன. அவ்வகையில் தமிழ் அலுவலகம் ஒன்றுக்கு 255 என்னும் ஒரே எண் இரு மென்பொருள்களில் இரு பொருள் தருகிறது.

மென்பொருள் விற்போரின் ஒப்பீட்டுப் பட்டியல்கள் ஆங்கிலப் பெயர்களை மனத்திற்கொண்டு அமைவதால் இவ்வேறுபாடு அவற்றில் இடம்பெறுவதில்லை. ஆகவே தமிழில் ஆவணம் பேணும் நிறுவனங்கள் விலைப்புள்ளி கோருவதற்கு முன்பே கோப்புப்பெயர்க் கணக்கெடுப்பை மேற்கொண்டு, அதன் முடிவை வாங்கல் நிபந்தனைகளுள் ஒன்றாகச் சேர்த்தல் வேண்டும். ஒருநாள் உழைப்பில் முடியத்தக்க இக்கணக்கெடுப்பு, பல்லாண்டு ஆவணங்கள் இடமாற்றத்தில் விடுபடாமல் காக்கும்.